கையில் இல்லாத மாடு

பாறசாலைக்குக் கிழக்கே, பனச்சமூட்டுக்குப் போகும் வழியில், அந்த வருடம் உண்மைக்கு ஒன்றேகால் ரூபாய் விலை இருந்தது. முட்டையிடும் கோழி இரண்டு ரூபாய்க்குப் போன காலம். ஒரு உண்மையை விற்றால் கோழியில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும்.

விலை வைத்தவர் சென்னையிலிருந்து வந்த கனகசபாபதி. முப்பதுக்குள் வயது, தடித்த மூக்குக்கண்ணாடி, சேறு படாத முழுக்கால்சட்டை. எல்லைப் போராட்டத்தில் ஊர்களில் என்ன நடந்தது என்பதைச் சனங்களின் வாயாலேயே கேட்டு, தன் கல்லூரிக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஒருவர் உட்கார்ந்து பேசினால் அன்றைய கூலி போய்விடும் அல்லவா, அதற்கு ஈடாக அந்த ஒன்றேகால் ரூபாய். ஊர் அவருக்கு ‘மெட்ராஸ் சார்’ என்று பேர் வைத்தது.

நல்ல மனிதர்தான். ஆனால் சரக்கைப் பார்க்கும் முன்பே விலையைச் சொல்கிறவரை எந்தச் சந்தையும் சும்மா விட்டதில்லை. போலீஸ் குண்டு காதோரம் உரசிப் போனவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு படையாகத் திரண்டார்கள். ஊர்வலம் நடந்த அன்று நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குக்கு நின்றிருந்த ஒரு பெரியவர் எங்கள் சாயாக்கடை பெஞ்சில் அமர்ந்து, எப்போதோ காளை முட்டிய தழும்பைத் திறந்து காட்டி, காசு வாங்கிக்கொண்டு போனார். சார் அதையும் எழுதினார். எழுதியதை மறுநாள் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பார். இரண்டாவது வாயிலிருந்தும் வந்தால்தான் அவருக்கு அது செய்தி.

“ரெண்டு கடையில விலை கேக்காம துணி எடுப்பீங்களா?” என்று என் அப்பாவிடம் கேட்டார்.

அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. “ஆளு பெழைச்சுக்கிடுவான்,” என்றார். அப்பாவின் கணிப்பு தவறிய சில இடங்களில் இதுவும் ஒன்று.

காசு வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நேசையன். சார் தங்கியிருந்ததே நேசையன் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில்தான். மாட்டுத் தரகர். கட்டைகுட்டையான உடம்பு. தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. மாட்டின் பல்லைப் பார்க்காமல் சாணியைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவார், அதில் பாதிதான் பொய்யாக இருக்கும். மனைவி ரத்னபாய் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது தவிர மற்ற நேரமெல்லாம் மரச்சீனிக் கிழங்கோடு, அதாவது மரவள்ளியோடு, கிடப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

கிழக்கே அடுத்த வீடு தாணுமாலயனுடையது. குத்தகைக்கு எடுத்த பாட்ட நிலத்தில் மரச்சீனி பயிர் செய்பவர். அவர் பறித்துப்போடும் கிழங்கை அவருடைய மனைவி விஜயம்மாவும் ரத்னபாயும் சேர்ந்து தோல் உரித்து, அரிந்து, பெரிய வெண்கல வார்ப்பில் அரைவேக்காடாக அவித்து, இரு வீட்டுக்கும் பின்னால் படர்ந்து கிடந்த பாறையில் உலர்த்துவார்கள். உலர்ந்த கிழங்கை நேசையன் சந்தைக்குக் கொண்டுபோவார். வார்ப்பு இரண்டு வீட்டுக்கும் பொது. வரும்படி பாதிப் பாதி. ஒரு வீட்டில் சிலுவை, மறுவீட்டில் சாஸ்தா படம். அதைப்பற்றி இரு வீட்டாரும் கேலி பேசுவார்கள், சண்டை போட்டதில்லை.

தாணுமாலயனுக்கு மோகனன் என்று ஒரே மகன் இருந்தான். பத்தொன்பது வயது. பாதி நாள் ரத்னபாய் வீட்டில்தான் உண்பான்.

போன ஆடியில், மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று ஊர்வலங்கள் போயின. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. ரோட்டில் ஒரு பஸ் எரிந்தது. அதன்பிறகு லாரி லாரியாகப் போலீஸ் வந்து இறங்கி வீடு வீடாகப் புகுந்தது. ஆண்கள் வாழைத்தோட்டங்களில் பதுங்கினார்கள். வாழைத்தண்டு எது, முதுகு எது என்று பார்க்காமல் லத்தி இறங்கியது. ஒரு பெண்ணின் கம்மலைப் பிடித்து இழுத்ததில் காது கிழிந்தது. மோகனனைப் பிடித்தது அந்த நாட்களில்தான். அவன் வீட்டு முற்றத்திலேயே முழங்கால் சிரட்டையை உடைத்தார்கள். குறுக்கே விழுந்த தாணுமாலயனின் முன்பற்கள் போயின. மோகனனை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவண்டியில் கொண்டுவந்து ரோட்டோரம் சரித்துவிட்டுப் போனார்கள். வயிறு வீங்கி இறுகியிருந்தது. மூத்திரத்தில் ரத்தம். ரத்னபாயின் மடியில் தலையை வைத்து, தாயின் விரலைக் கடித்துக்கொண்டே செத்தான். சிதைக்குத் தன் வீட்டு மாமரத்தை வெட்டிக் கொடுத்தது நேசையன்.

அவன் பெயரைப் போலீஸுக்குச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. தாணுமாலயன் மட்டும் அதைத் தேடிக்கொண்டே இருந்தார். யாரிடம் பேசினாலும், எதிராளியின் வாயையே பார்ப்பார்.

மாசி மாதம். பாறை காலை எட்டு மணிக்கே கால் வைக்க முடியாமல் கொதிக்கும். கிழங்கு அவியும் வாசமும் பச்சைத் தோலின் வாசமும் கலந்து வீட்டுக்குள் வரும். சார் அந்த வீட்டில் உண்டு, அந்த வாசத்தில் தூங்கி, மெலிந்துபோனார்.

“சாரே, நீங்க கிழங்கத் தின்னியளா, இல்ல கிழங்கு ஒங்களத் தின்னுதா?” என்றாள் விஜயம்மா. கை அதன் பாட்டுக்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தது.

“தொண்டையில நிக்குதுங்க.”

“மீன்கறி கோரி ஒழிச்சுத் தின்னணும். வெறுங்கிழங்கு நிக்கத்தான் செய்யும்,” ரத்னபாய் சாளைக் குழம்பை ஊற்றினாள். “ஒங்க ஊருல மூணு நேரமும் சோறா?”

“மூணு நேரமும் சோறுதாங்க.”

“பின்ன இஞ்ச வந்து எதுக்கு சாரே இந்தப் பாடு? ஊருல ஆரையும் வெட்டிட்டு வந்துட்டியளா?”

நேசையன் சிரித்தார். தாணுமாலயனும் பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார்.

விஜயம்மா கேட்டாள்: “எல்லை பிரிக்கிய கமிசன்காரனுவ கோடு போடப் போறானுவளாமே. எங்க விழும் சாரே? எங்க பாறைக்கு இங்கோட்டா, அங்கோட்டா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. கமிஷன் முடிவு பண்ணும்.”

“பாறைக்க நடுவில விழுந்தா பாக்க நல்ல சேலா இருக்கும். கிழங்கு உணக்க ரெண்டு சர்க்காருக்கும் கடுதாசி எழுதணும்.” கத்தியை நிறுத்தினாள். “எனக்க பிள்ளைய இந்தப் பாறைக்குக் கீழதான் எரிச்சோம். கோடு அங்கோட்டுப் போனா அவன் ஆருக்க நாட்டுல கெடப்பான்?”

நேசையன் பாதிக் கிழங்கோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். தொண்டையில் முள் சிக்கியிருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

சந்தை நாளில் சாரும் நேசையனோடு மாட்டுச் சந்தைக்குப் போனார். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவனின் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு பத்து. இரண்டு விரல் இருபது. விரல் நுனியை நெரித்தால் அதில் பாதி. சுற்றி நிற்பவர்கள் இரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்; முகத்தில் ஒன்றும் இருக்காது. பேரம் முறிந்தாலும் சரி, முடிந்தாலும் சரி, துண்டுக்கடியில் கேட்ட விலையைத் தரகன் வெளியில் சொல்லக் கூடாது. சொன்னவனோடு பிறகு யாரும் கை கோர்க்க மாட்டார்கள். அவன் தரகு அன்றோடு முடிந்தது.

சார் மெய்மறந்து பார்த்தார். “இதை எழுதணுமே,” என்றார்.

“எழுதுங்க. எவ்வளவுக்குன்னு மட்டும் கேக்காண்டாம்,” என்றார் நேசையன்.

திரும்பும் வழியில், வெயில் தாழ்ந்திருந்தது. ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நேசையன் நின்றார். சந்தை கலைந்து போகிறவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“சாரே, நீங்க எழுதியதுல பேரு வருமா?”

“வராதுங்க. ஊர் பேரைக்கூட மாத்திருவேன்.”

“இஞ்ச உள்ள ஆருகிட்டயும் பேரு சொல்லுவியளா?”

“மாட்டேங்க. சத்தியமா.”

“சத்தியம் கோர்ட்டுல செய்யியது. அது எனக்கு வேண்டாம். கைய இஞ்ச தாங்க.”

தோள் துண்டை எடுத்துச் சாரின் கைமேல் போட்டார். அதற்கடியில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். “துண்டுக்க உள்ள கை வந்தாச்சு. கேட்டியளா? இனி இது ஒங்களுக்கும் எனக்கும் உள்ளது.”

வழியில் போன இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். “எலே நேசையா, சாருக்கும் கறவமாட்டக் கெட்டி ஏத்தியாச்சா? பாலு கறக்கத் தெரியுமா அவருக்கு?”

“போலே, ஒனக்கத் தள்ளைக்கு ஒரு மாடு பாத்து வச்சிருக்கேன்,” என்று சிரித்த முகத்தோடு பதில் சொல்லிவிட்டு, அவர்கள் வளைவில் மறையும் வரை நேசையன் காத்திருந்தார். சாரின் கையை விடவில்லை.

“ஆடியில அவனுவ முதல்ல ஏறினது எனக்க வீட்டுலயாக்கும். இவ அடுப்புல வார்ப்ப வச்சிருக்கா. கிழங்கு தெளச்சிட்டுக் கெடக்கு. ஒருத்தன் பூட்சு கால எனக்க நெஞ்சுல வச்சு நிக்கியான். இன்னொருத்தன் இவளுக்க முடியப் பிடிச்சு, மொகத்த வார்ப்புக்க மேல கொண்டு போனான். ‘பஸ்ஸு கத்திச்சது ஆரடா, தீ வச்சது ஆரடா? ஒரு பேரு பறயடா’ன்னு கேட்டான். நான் தெரியாது ஏமானேன்னு சொன்னேன். ஒரு சாண் தாத்தினான். இவளுக்க புருவம் பொசுங்கின வாசம் எனக்கு அடிச்சுது சாரே. கோழித் தூவல் பொசுங்குமே, அந்த வாசம். இன்னும் தாத்தினான். இவ சத்தம் போடல்ல. வாயத் தெறந்தா ஆவி உள்ள போகுமில்லியா.”

நேசையன் ரோட்டின் வளைவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“மோகனன்னு சொன்னேன்.”

“ஏங்க? அந்தப் பையன் பேரை ஏன்?”

“ஏன்னா அவன் இல்ல. அண்ணைக்கு விடிய வெளுப்புக்கு நானாக்கும் அவன பஸ்ஸு ஏத்தி விட்டது. கொல்லத்துல எனக்க சேக்காளி முந்திரி உடைக்கிய அண்டி ஆபீஸு நடத்துதான், அங்க போய் ஒரு மாசம் கெடலேன்னு சொல்லி. கையில இல்லாத மாட்டுக்கு வெல சொல்லியது தரகனுக்குப் பழக்கமாக்கும் சாரே. காசோட நிக்கியவன்கிட்ட இல்லன்னு சொன்னா அவன் அடுத்த ஆள்கிட்ட போவான். உண்டுன்னு சொல்லி நிறுத்தணும். மாடு இல்லியே, பின்ன ஆருக்கு நட்டம்? ஊருல நிக்கிய வேற எவனுக்கப் பேரச் சொன்னாலும் அவனக் கொல்லுவானுவ. அதுனால இல்லாதவனுக்க பேரச் சொன்னேன்.” துண்டுக்கடியில் பிடி இறுகியது. “பஸ்ஸ பாலராமபுரத்துல மறிச்சிருக்கானுவ. பய எறங்கி வயலு வழியா நடந்து வீட்டுக்கு வந்துட்டான். வந்தது எனக்குத் தெரியாது. அவனுவ எனக்க முற்றத்துலருந்து எறங்கிப் போறானுவ, நான் மனசுக்குள்ள சிரிச்சேன் சாரே. ஏமாத்திட்டேன்னு சிரிச்சேன். அந்தால கேட்டது பயலுக்கச் சத்தமாக்கும்.”

“தாணுமாலயன்கிட்ட இதைச் சொல்லலாமில்லீங்களா?”

“சொன்னா வெட்டுவாரு. சொல்லாட்டா இந்தக் கிழங்கு எனக்கு எறங்க மாட்டேங்குது. நீங்க அடுத்த வாரம் போயிருவிய. நீங்க கொண்டு போங்க.” கையை விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இப்போது கனகசபாபதியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். காளை முட்டிய தழும்புகளுக்கெல்லாம் காசு கொடுத்து ஏமாந்த மனிதருக்கு, காசு வாங்காமல் ஒரு உண்மை கிடைத்தது. அது உண்மைதானா? ரத்னபாயைக் கேட்கலாம், ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் அவருடைய முறைப்படி ஒரே வாய். இரண்டாவது வாய் தாணுமாலயன்தான். பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்ததையும் சொல்லப்போவதில்லை. கேள்விக்குள் பதிலை வைத்து ஊட்டக் கூடாது என்று அவருக்குப் படிப்பித்திருந்தார்கள். எனவே போலீஸ் எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன கேட்டது என்று மட்டும் கேட்பார். வாக்கும் நிற்கும், சரிபார்த்தலும் நடக்கும். பட்டணத்துக் கணக்குக்கு அது பிழையில்லாத யோசனை.

மறுநாள் காலை தாணுமாலயன் மரச்சீனிக் கம்புகளை அடுத்த நடவுக்காக முழம் முழமாக வெட்டிக்கொண்டிருந்தார். சார் வரப்பில் குந்தினார்.

“அன்னைக்குப் போலீஸ் உங்க வீட்டுக்கு எந்தப் பக்கமா வந்தாங்க?”

“மேக்கேருந்து.”

“ரோட்டுலேருந்து வரலீங்களா?”

“ரோடு கெழக்கயில்லியா. மேக்கேருந்துதான். நேசையனுக்க முற்றம் வழியா.” வெட்டுகத்தி கம்பில் இறங்கியது. “அவனையும் சவட்டிப்போட்டுட்டுத்தான் வந்தானுவ.”

“வந்ததும் பொதுவா தேடினாங்களா, இல்ல உங்க பையன் பேரைச் சொல்லிக் கேட்டாங்களா?”

“மோகனன் எவ்விடேன்னு கேட்டாக்கும் வந்தது.” அடுத்த கம்பை எடுத்தவர் வெட்டவில்லை. “ஏன் சாரே?”

“சும்மா... சரிபார்க்கத்தாங்க.”

“எத சரிபாக்கியது?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்க ரோட்டுல எறங்கி அங்கோட்டுப் போனவனுவ, திரும்பி மேக்கேருந்து எனக்க பிள்ளைக்க பேரோட வாறானுவ,” தாணுமாலயன் மெல்ல, தனக்குத்தானே சொன்னார். “இத்தற மாசம் எனக்கு இது தோணல்ல. ஒமக்கு எப்பிடித் தோணிச்சு? ஆரு சொன்னா?”

“அதைச் சொல்லக் கூடாதுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“வாக்குக் குடுத்திருக்கேரு.”

“ஆமாங்க. யார் சொன்னதையும் நான் யார்கிட்டயும்...”

“நேத்து ரப்பர் தோட்டத்துல துண்டுக்கடியில வாங்கின மாடு எங்க ஓய்?”

சார் வாயைத் திறந்தார். அந்த வாயையே தாணுமாலயன் பார்த்தார். அவ்வளவு நாளாக அவர் ஊரெல்லாம் தேடியது அங்கே, ஒரு வார்த்தையும் வராத அந்த வாயில், கிடைத்துவிட்டது.

வயலிலிருந்து பாறைக்கு ஒரு கூப்பிடு தூரம். தாணுமாலயன் ஓடவில்லை, நடந்தார். சார் பின்னால் ஓடினார். “ஐயா, முழுசாக் கேளுங்க, முழுசாக் கேளுங்க” என்று கத்தினார். முழுசைச் சொல்ல அப்போதும் அவருக்கு நாக்கு வரவில்லை. வாக்கு வாக்கு என்று அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பாறையில் பெண்கள் இருவரும் வார்ப்பிலிருந்து கிழங்கைக் கோரிக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நேசையன் குந்தி அமர்ந்து உலர்ந்ததைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தாணுமாலயனின் முகத்தையும் கத்தியையும் பின்னால் ஓடிவரும் சாரையும் வரிசையாகப் பார்த்தார். தரகருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்தார். ஓடவில்லை. வலது கையை முன்னால் நீட்டினார், பேரத்துக்கு நீட்டுவதுபோல.

“அண்ணே, பய இல்லன்னாக்கும் நான்...”

கத்தி அந்தக் கையில் விழுந்தது. நான்கு விரல்கள் வெள்ளைக் கிழங்குத் துண்டுகளுக்கு நடுவே போய் விழுந்தன. கட்டைவிரல் மட்டும் கையில் நின்றது. நேசையன் கையைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். ரத்தம் சூடான பாறையில் விழுந்து உடனே கறுத்தது.

விஜயம்மா ஓடிவந்து புருஷனின் கையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். “என்ன செய்யியது! விடும், விடும் ஓய்!”

“இவனாக்கும்டீ! நம்ம பிள்ளைய வித்தவன் இவனாக்கும்! இவனாக்கும் பேரு சொன்னது!”

விஜயம்மா நேசையனைப் பார்த்தாள். நேசையன் இல்லை என்று சொல்லவில்லை. அவள் புருஷனின் கையை விட்டாள்.

இரண்டாவது வெட்டு தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. கத்தியை இழுக்க, கீழே சரிந்த நேசையனின் நெஞ்சில் காலை வைத்தார் தாணுமாலயன். நெஞ்சில் கால் ஏறியதும் ரத்னபாய் அலறினாள். ஆடி மாதத்தில் அவள் அலறியிருக்கவில்லை. கையிலிருந்த அகப்பையை வார்ப்பில் முக்கிக் கொதிநீரை அப்படியே தாணுமாலயனின் மார்பில் வீசினாள். இன்னொரு அகப்பை. அவர் பின்னால் சரிந்து, உலரப்போட்ட கிழங்கின்மேல் விழுந்து புரண்டார்.

நேசையனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிப்போனார்கள். தாணுமாலயனைப் போலீஸ் கொண்டுபோனது. மகனைக் கொண்டுபோன அதே லாரியோ, அதே நிறத்தில் வேறொன்றோ.

இன்ஸ்பெக்டர் மெட்ராஸ் சாரையும் கூப்பிட்டார். நேசையன் உன்னிடம் என்ன சொன்னான், ஆடி மாதத்துச் சங்கதிகளை யார் யார் என்னென்ன சொன்னார்கள், எல்லாம் வேண்டும் என்றார். சார் சொல்ல மாட்டேன் என்றார். கன்னத்தில் ஒன்று விழுந்தது. கண்ணாடி போயிற்று. மாட்டேன் என்றார். இன்னொன்று விழுந்தது. உதட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு பல் வெளியே வந்தது. அப்போதும் மாட்டேன் என்றார். எழுதிய தாள்கள் எங்கே என்று கேட்டதற்கு, அடுப்பில் போட்டுவிட்டேன் என்றார். அது உண்மைதான், காலையில் ரத்னபாயின் அடுப்பில் போட்டிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, ஆள் நின்றார்.

எங்கள் கடை பெஞ்சில் அந்தச் செய்தி வந்தபோது யாரும் மெச்சவில்லை. காளை முட்டிய பெரியவர்தான் சொன்னார்: “போலீசுக்க முன்ன வாய மூடத் தெரியுதே அவனுக்கு. தாணுவுக்க முன்ன மூடப்பிடாதா?”

நேசையன் பிழைத்தார். பேச முடிந்த அன்று சாரைக் கூப்பிட்டனுப்பி, துண்டு போர்த்திய கட்டுக் கையைத் தூக்கிக் காட்டி, “துண்டுக்க உள்ள கைய நான் விட்டாச்சு. போய் முழுசையும் சொல்லுங்க,” என்றார்.

சார் பாறைக்கு வந்தார். விஜயம்மா தனியாகக் கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள். ரத்னபாய் ஆஸ்பத்திரியிலிருந்து கஞ்சிக்கலயத்தோடு வந்து சற்றுத் தள்ளி நின்றாள். பறித்த கிழங்கு குவிந்து கிடந்தது. இரண்டு நாளில் கறுத்துப்போகும். வார்ப்பை ஒரு ஆளாகத் தூக்கி அடுப்பில் வைக்க முடியாது.

வீங்கிய உதட்டோடு சார் எல்லாவற்றையும் சொன்னார். நெஞ்சில் வைத்த காலை, வார்ப்புக்கு மேலே இழுத்த முடியை, கொல்லத்துக்கு ஏற்றிவிட்ட பஸ்ஸை, பாலராமபுரத்து மறியலை. விஜயம்மா அரிவதை நிறுத்தாமலே கேட்டாள்.

“இத அண்ணைக்கே ஏன் சொல்லல்ல?”

“கேள்விக்குள்ள பதிலை வச்சுக் கேக்கக் கூடாதுங்க. அது எங்க முறை. அவரு தானா என்ன சொல்றாருன்னு பாக்கணும்...”

“அப்போ உள்ளதுல பாதிய மடியில வச்சுட்டுப் பாதியக் கேட்டிய.”

“நான் பேர் சொல்லவே இல்லீங்க.”

“மேக்க ஒரு வீடுதானே சாரே உண்டு.”

பிறகு அவள் ரத்னபாயின் பக்கம் திரும்பினாள். பொசுங்கி, பாதி மட்டும் முளைத்திருந்த புருவத்தை அன்றுதான் பார்ப்பவள்போலப் பார்த்தாள். “அடுப்பு ஊதும்பம் தீ பட்டுதுன்னுதானே நீ எனக்குச் சொன்னா?”

“பின்ன என்னன்னு சொல்லியது விஜயம்மா? எனக்க மொகத்துக்கு வேண்டி ஒனக்க பிள்ள போனான்னு சொல்லியதா?”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காகம் கிழங்கில் வந்து உட்கார்ந்தது. இருவரும் விரட்டவில்லை.

“கலயத்த அங்கோட்டு வையி,” என்றாள் விஜயம்மா. “ஒரே வார்ப்புல இனி கிழங்கு அவிக்கணுமெங்கி கணக்குத் தீக்கணும். இல்லாட்டா வார்ப்ப வித்துப் பங்கு வச்சிரலாம். நீ என்ன சொல்லுதா?”

ரத்னபாய் வந்து குந்தினாள். “சொல்லு.”

“வெரலு நாலு. எங்க பேருல.”

“நாலும் வேண்டாம். ரெண்ட சாருக்க பேருல மாத்து.”

“மூணு மாத்துவோம்.”

“ரெண்டு போரும். வெட்டினது ஒனக்க ஆளு.”

“சரி. ரெண்டுக்கு ரெண்டு.” விஜயம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “தோளு?”

“அது ஒனக்க பேருல. நீ கைய விட்டா. நான் கண்டேன்.”

விஜயம்மா கத்தியை இன்னும் தள்ளி வைத்தாள். “விட்டேன். எனக்க பேருல போடு. அவியளுக்க நெஞ்சு வெந்தது?”

“எனக்க பேருல.”

“ஜெயிலு?”

“அதுல பாதி சாரு, பாதி நான். அடுப்புத் தீன்னு நானும் மறைச்சேனில்லியா.”

“நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க,” என்றார் கனகசபாபதி. “எதுன்னாலும் செய்றேன்.”

இருவரும் அவரைப் பார்க்கவில்லை. கணக்கு எழுதும்போது கடனாளியோடு பேசுகிற வழக்கம் இல்லை.

“மோகனன்?” என்று கேட்டாள் ரத்னபாய். அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

விஜயம்மா எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வார்ப்பின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை ரத்னபாய் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி அடுப்பில் வைத்தார்கள்.

“அதுல நேசையண்ணனுக்க பேர வெட்டியாச்சு. போலீசுக்க பேருல எழுதினா அந்தக் கடன் பிரியாது,” என்றாள் விஜயம்மா. “எனக்க பிள்ள முழுசா பாக்கி நிக்கட்டு.”